டிமென்ஷியா உள்ள அம்மா, அப்பாவை வெளியே கூட்டிப்போக: வீடு திரும்பும் நேரத்திலிருந்து திட்டமிடும் முழு வழிகாட்டி

‘எங்கே கூட்டிப்போகலாம்?’ என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. வரிசையில் அது நான்காவதாக வரவேண்டியது. உடம்பு சரியாக இருக்கிறதா, நாளில் எது நல்ல நேரம், எதைச் செய்யும்போது முகம் மலர்கிறது என்ற மூன்றும் தெரிந்தபின் இடம் தானாகவே அமைந்துவிடும். இடத்தை முதலில் முடிவுசெய்தவர்கள், வாசலைத் தொடுவதற்குள் அப்பா ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று பத்தாவது முறை சொல்லிக் கேட்டவாறு நிற்பார்கள்.

இது பெரும்பாலும் டிமென்ஷியா என்ற ஞாபக மறதி நோயின் நடு நிலையில் இருப்பவர்களுக்கான வரிசை. அதாவது துணையோடு நடக்க முடியும், தனியாக விட முடியாது. ஆரம்ப நிலையில் இருப்பவரிடம் இதில் பாதியை நேரடியாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்கவும் வேண்டும்.

1. இந்த வாரம் போகலாமா என்று பாருங்கள்

டிமென்ஷியாவில் மாற்றம் பெரும்பாலும் மெதுவாக வரும். நேற்றுவரை ஒரு மாதிரி இருந்தவர் ஒன்றிரண்டு நாளில் திடீரென்று அதிகம் குழம்பினாலோ, தூங்கி வழிந்தாலோ, இல்லாதது தெரிகிறது என்று சொல்லத் தொடங்கினாலோ நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகச் சேர்த்த மாத்திரை இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அந்த வாரம் போக வேண்டியது டாக்டரிடம்.

எந்த வகை டிமென்ஷியா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லூவி பாடி வகையில் தெளிவு ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிந்து தலைசுற்றலாம். ஃப்ரண்டோடெம்போரல் வகையில் நினைவு ஓரளவு நன்றாகவே இருக்கும், ஆனால் கூச்சமும் கட்டுப்பாடும் போயிருக்கும். பக்கத்து மேசைத் தட்டில் கை வைத்துவிடுவார். முதலாமவருக்கு உட்கார இடம் முக்கியம், இரண்டாமவருக்கு ஆளில்லாத இடம் முக்கியம்.

2. நல்ல நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

ஏழு நாள் ஒரு காகிதத்தில் நான்கு கட்டம் போட்டுக் குறியுங்கள்: காலை, முற்பகல், பிற்பகல், மாலை. ஒவ்வொன்றிலும் பேச்சு தெளிவா, சிடுசிடுப்பா, தூக்கமா, ஓரிடத்தில் நிற்காமல் நடையா என்று ஒரு சொல் போதும். பலருக்கும் முற்பகல்தான் தேறும். பிற்பகல் சாயச்சாய பதற்றமும் சந்தேகமும் கூடுவது இந்த நோயில் அடிக்கடி காணப்படுவது. குடும்பத்தில் எல்லோருக்கும் தோதான நேரம் மாலை என்பதால் மாலையில் கிளப்புவதுதான் மிகப் பரவலான தவறு.

அதே காகிதத்தில் மாத்திரை நேரத்தையும் எழுதுங்கள். நீர் மாத்திரை போட்ட முதல் சில மணி நேரம் கழிப்பறை அருகிலேயே இருக்க வேண்டியிருக்கும். நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் மாத்திரை சாப்பிடுபவர் அது வேலைசெய்யும் நேரத்தில்தான் நன்றாக நடப்பார். வெளியே போவதற்காக நீங்களாகவே ஒரு வேளையைத் தள்ளிப்போடாதீர்கள். மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

3. ‘பிடித்தது’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்

‘அப்பாவுக்கு கிரிக்கெட் என்றால் உயிர்’ என்று சொல்லி மைதானத்துக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே ஐம்பதாயிரம் பேர், ஒலிபெருக்கி, வெயில், கழிப்பறைக்கு நீண்ட வரிசை. கிரிக்கெட்டில் அவருக்குப் பிடித்தது எது? ஸ்கோரைப் பின்தொடர்வது என்றால் அந்தத் திறன் இப்போது குறைந்திருக்கும். பந்து மட்டையில் படும் சத்தமும் பையன்கள் ஓடுவதும் என்றால், தெருமுனைத் திடலில் சிறுவர்கள் ஆடுவதை மரத்தடியில் உட்கார்ந்து பார்ப்பதே போதும். இடையில் பந்து உருண்டு வந்தால் எடுத்துப் போடுவார். அந்த ஒரு எறிதலுக்காகவே கூட்டிப்போகலாம்.

எந்த விருப்பத்தையும் இப்படி உடைக்கலாம்: கண் என்ன பார்த்தது, கை என்ன செய்தது, யாருடன் இருந்தார், அங்கே அவருக்கு என்ன மதிப்பு. கையும் மதிப்பும்தான் கடைசிவரை நிற்பவை. வாழ்நாளெல்லாம் செய்த கைப்பழக்கம், நேற்று நடந்த செய்தியைவிட வெகு ஆழத்தில் பதிந்திருக்கும். தையல் வேலை பார்த்த அம்மாவுக்குத் துணிக்கடையில் துணி வாங்க வேண்டியதில்லை; ஓரத்தை விரலால் உருட்டிப் பார்க்க நேரம் கொடுத்தால் போதும். ஆசிரியராக இருந்தவருக்குப் பூங்காவில் உட்கார்வதைவிட, பேத்தி வந்து ‘தாத்தா, இந்தக் கணக்கு சரியா?’ என்று நோட்டை நீட்டுவது பெரிய வெளியூர்ப் பயணம்.

பழைய நினைவுகளில் அதிகம் தங்குவது சுமார் 10 வயதிலிருந்து 30 வயது வரையிலானது. பாட்டு, தொழில், ஊர், வண்டி எதுவானாலும் அந்தக் காலத்திலிருந்து தேடுங்கள். நாற்பது வயதுக்கு மேல் கற்ற மொழியும் பொழுதுபோக்கும் முதலில் நழுவக்கூடியவை.

வேறொன்றையும் கவனியுங்கள்: முன்பு பிடித்தது இப்போதும் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கூட்டம் விரும்பியவர் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொள்வார். புத்தகப் புழுவாக இருந்தவர் வாத்துகளைப் பார்த்து அரை மணி சிரிப்பார். மகனுக்கோ மகளுக்கோதான் அது உறுத்தும்.

4. இப்போது இடம், அதுவும் பின்னாலிருந்து கணக்குப் போட்டு

முதலில் வீடு திரும்பும் நேரத்தை எழுதுங்கள். நல்ல நேரம் முடிவதற்கு அரை மணி முன்னதாக அது இருக்க வேண்டும், ஏனென்றால் களைப்பு வந்தபின் காரில் ஏற்றுவதுதான் நாளின் மிகக் கடினமான வேலை.

நல்ல நேரம் 9.30 முதல் 12 மணி வரை என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருக்க வேண்டியது 11.30. பயணம் 15 நிமிடம், வண்டியில் ஏற்றி இறக்க 10 நிமிடம். ஆகவே அங்கிருந்து 11.05-க்கு எழ வேண்டும். இருக்கப்போவது 40 நிமிடம் என்றால் 10.25-க்குப் போய்ச் சேர வேண்டும், 10 மணிக்கு வாசலைத் தாண்ட வேண்டும். கழிப்பறை, செருப்பு, மேல்சட்டை எல்லாவற்றுக்கும் அரை மணி. அப்படியானால் 9.30-க்கே ஆரம்பம். இரண்டரை மணி நேரத்தில் அங்கே கிடைப்பது 40 நிமிடம்தான். ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் உள்ள இடங்கள் ஏன் ஒத்துவராது என்பது இந்தக் கணக்கைப் போட்டால் புரியும்.

பொதுவாக ஒத்துவருபவை:

செடி நாற்றங்கால், பூங்கா, தோட்டம். தொடலாம், முகரலாம், சரி தவறு என்று எதுவும் இல்லை. சுற்றுப்பாதையாக வந்து கிளம்பிய இடத்திலேயே முடியும் நடைபாதை நல்லது. ‘திரும்பலாம்’ என்று வற்புறுத்தாமலே திரும்பிவிடலாம்.

நீர்நிலை, பறவைகள், ரயில், விமானம், கட்டட வேலை. எது அசைகிறதோ அது கண்ணை இழுக்கும், பேச்சு தேவைப்படாது. தண்ணீர் ஓரமானால் கைப்பிடித் தடுப்பு உள்ள இடமாகப் பாருங்கள்.

வண்டியிலிருந்து இறங்காத சுற்று. பலர் இதை வெளியே போனதாகவே சேர்ப்பதில்லை. மழை நாளுக்கும் கால் வலி நாளுக்கும் இதைவிடச் சிறந்தது இல்லை. பழைய பாட்டு, தெரிந்த தெருக்கள், 30 நிமிடம்.

ஒரே ஒருவர் வீட்டுக்குப் போவது. நண்பரோ தங்கையோ தனியாக இருக்கும் வேளையில். ‘நான் யார் சொல்லுங்க பாக்கலாம்’ என்று கேட்கக் கூடாது என முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ‘அண்ணே, நான் உங்க தங்கச்சி, வந்து உக்காருங்க’ என்று அவர்களே தொடங்கினால் பரீட்சை வைத்த மாதிரி இருக்காது.

டிமென்ஷியா உள்ளவர்களுக்கென்றே நடப்பவை. டிமென்ஷியா உள்ளவர்களும் குடும்பத்தாரும் கூடிப் பேசும் நினைவுக் கஃபே என்ற கூடுகைகள் 1997-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கின்றன. சில அருங்காட்சியகங்களில் தனி நேரம் உண்டு. சில திரையரங்குகளில் விளக்கை முழுதும் அணைக்காமல் ஒலியைக் குறைத்துப் படம் காட்டுகிறார்கள். உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று அல்சைமர் சங்கத்திடம் விசாரியுங்கள். இங்கே உங்கள் தோள்பாரமும் இறங்கும். யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

திருமண மண்டபம், பெரிய வணிக வளாகம், திருவிழாக் கூட்டம் மூன்றையும் தவிருங்கள். போயே ஆக வேண்டிய விசேஷம் என்றால் முதல் 30 நிமிடம் மட்டும், ஓரத்து நாற்காலி, ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்கம்.

5. தனியாக ஒருமுறை போய்ப் பாருங்கள்

அதே கிழமை, அதே நேரத்தில் போங்கள். செவ்வாய்க்கிழமை அமைதியாக இருந்த பூங்கா ஞாயிறன்று வேறு இடம்.

தரையைப் பாருங்கள். ஆழம் உணரும் பார்வை குறைவதால் கறுப்பு மிதியடி பள்ளமாகவும், பளபளக்கும் தரை தண்ணீராகவும் தெரியலாம். அப்பா அடம்பிடித்து வாசலில் நின்றுவிட்டார் என்று சொல்வார்கள். அவர் குழிக்குள் கால் வைக்க மறுத்திருப்பார். பெரிய கண்ணாடிகளும் தொல்லை. அதில் தெரிவது தானே என்று புரியாமல், யாரோ முறைத்துப் பார்ப்பதாக நினைக்கலாம். நகரும் படிக்கட்டு, சுழல் கதவு இருந்தால் மாற்று வழி பார்த்து வையுங்கள்.

பிறகு இருக்கைகள். இத்தனை மீட்டருக்கு ஒன்று என்ற விதி எதுவும் வேண்டாம். அவர் வீட்டில் நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்கிறாரோ அதில் பாதித் தூரத்துக்கு ஒன்று இருக்கிறதா என்று எண்ணுங்கள். கைப்பிடியும் சாய்வும் உள்ளதுதான் கணக்கில் வரும். தாழ்வான திண்ணையில் உட்கார்ந்தால் எழ முடியாது. வெளியேறும் வழிகள் எத்தனை, எதன் வழியாகச் சாலைக்குப் போகலாம் என்பதையும் பாருங்கள். கழிப்பறை பற்றி 9-ஆம் பிரிவில் இருக்கிறது.

6. பை

கையில் தூக்கும் பையாக வேண்டாம், தோளில் மாட்டும் பையாக இருக்கட்டும். உங்கள் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

ஒரு முழு மாற்றுடை, உள்ளாடையும் செருப்பும் உட்பட, வெளியே தெரியாத உறையில். நனைந்த துணிக்கு மூடிபோட்ட பை. டயபர் பழக்கம் உள்ளவருக்கு இரண்டு. ஈரத்துடைப்பான். தண்ணீர்: வயதானால் தாக உணர்வு மழுங்கும், கேட்டால் ‘வேண்டாம்’ என்பார், கேட்காமல் அரை மணிக்கு ஒருமுறை கையில் கொடுங்கள். அவர் வழக்கமாக விழுங்கக்கூடிய தின்பண்டம். விழுங்கும்போது இருமுபவர் என்றால் புதிய உணவு எதுவும் வெளியே வேண்டாம். மூக்குக்கண்ணாடி, காது மெஷினுக்கு உபரி பேட்டரி. காது மெஷின் கூட்ட இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். அவர் அடிக்கடி காதில் கை வைத்தால் ஒலியைக் குறையுங்கள்.

மாத்திரைப் பட்டியல் ஒன்று. அவர் சட்டைப் பையிலோ கையில் கட்டிய வளையத்திலோ உங்கள் தொலைபேசி எண். வெளியில் காட்ட ஒரு சிறு அட்டை: ‘என் அம்மாவுக்கு ஞாபக மறதி நோய். கொஞ்சம் பொறுமையாகப் பேசவும். நன்றி.’ கடைக்காரரிடம் அம்மாவின் முன்னால் நோயைப் பற்றிச் சொல்வது அவரை அவமானப்படுத்தும்; அட்டையை நீட்டினால் சத்தமில்லாமல் முடிந்துவிடும். விமான நிலையங்களில் பலவற்றில் சூரியகாந்திப் பட்டி என்ற பச்சைக் கழுத்துப்பட்டி இதே வேலையைச் செய்கிறது. 2016-இல் இங்கிலாந்தின் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது அது.

கிளம்புமுன் வாசலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று 10-ஆம் பிரிவில்.

7. சொல்வதும் கிளப்புவதும்

முதல் நாளே சொல்லாதீர்கள். தேதி மனதில் நிற்காது, ‘எங்கேயோ போகணும்’ என்ற பரபரப்பு மட்டும் நிற்கும். இரவெல்லாம் உடை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அரை மணி முன்பு போதும்.

‘போகலாமா?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்பதுதான் பதில். புரியாத ஒன்றுக்கு அதுவே பாதுகாப்பான பதில். ‘அப்பா, வாத்து பாக்கப் போறோம், வாங்க’ என்று சொல்லிச் செருப்பை எடுத்து வையுங்கள். தேர்வு கொடுப்பதானால் இரண்டு மட்டும், இரண்டையும் கையில் காட்டி: ‘நீலச் சட்டையா, வெள்ளையா?’ ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம். ‘எழுந்திருங்க, செருப்பு போடுங்க, கண்ணாடி எங்க?’ என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் எதுவும் நடக்காது.

மறுத்தால் வாதாடாமல் விலகி, 10 நிமிடம் கழித்துப் புதிதாகத் தொடங்குங்கள். இரண்டாம் முறையும் மறுத்தால் அன்று விட்டுவிடுங்கள். மல்லுக்கட்டிக் கிளப்பியது அங்கே போனபின் நன்றாக முடிவது அபூர்வம்.

8. வண்டி

நடைபாதைக்கும் காருக்கும் நடுவிலுள்ள இருண்ட இடைவெளி அவருக்குக் கிணறு மாதிரி தெரியலாம். காரை நடைபாதையை ஒட்டி நிறுத்துங்கள், அல்லது முழுதும் சமதரையில் நிறுத்துங்கள்.

ஏற்றும் முறை: முதுகு இருக்கையைப் பார்க்கும்படி திரும்பி நிற்கச் செய்யுங்கள். முழங்காலின் பின்புறம் இருக்கையைத் தொட்டதும் ‘உக்காருங்க’ என்று ஒரு சொல். தலை இடிக்காமல் மேலே உங்கள் கை. உட்கார்ந்தபின்தான் கால்கள் உள்ளே வரும். தலையை முதலில் நுழைக்கச் சொல்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு உடம்பை மடக்க வேண்டியிருப்பதால் பயந்துவிடுவார். வழுக்கும் துணி ஒன்றை இருக்கையில் போட்டால் திரும்புவது சுலபம்.

பின்னிருக்கை, ஓட்டுபவருக்கு நேர் பின்னால் வேண்டாம், எதிர்ப்புறம். கதவுக்குச் சைல்டு லாக். ஓடும்போது பெல்ட்டைக் கழற்றுபவரோடு பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். தனியாக ஓட்டிக்கொண்டு இவரையும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு நிமிட வேலை என்றாலும் அவரைக் காரில் விட்டுப் போகக் கூடாது. மூடிய கார் சீக்கிரம் சூடாகும், அவரால் கண்ணாடியை இறக்கத் தெரியாமல் போகலாம்.

9. அங்கே, கழிப்பறை உட்பட

போனதும் முதலில் உட்காருங்கள். ஐந்து நிமிடம் எதுவும் செய்ய வேண்டாம். புதிய இடத்தின் சத்தமும் வெளிச்சமும் அவருக்குள் இறங்கிப் பழக அந்த நேரம் தேவை.

நடக்கும்போது நீங்கள் அவர் மணிக்கட்டைப் பிடிக்காதீர்கள்; அவர் உங்கள் முழங்கையைப் பிடிக்கட்டும். பிடித்து இழுப்பது கைதியைக் கூட்டிப்போவது போல் உணர்த்தி எதிர்ப்பைக் கிளப்பும். பேச வேண்டுமானால் முன்னால் வந்து, கண் பார்த்து. ‘ஞாபகம் இருக்கா?’ என்ற சொல்லை அன்று முழுதும் வீட்டில் விட்டுவிடுங்கள். ‘இந்தப் பூவுக்கு என்ன வாசம்!’ என்றால் அவரால் சேர்ந்துகொள்ள முடியும்.

‘எப்ப வீட்டுக்குப் போறோம்?’ என்று கேட்டால் முதல் முறை கேட்டது போலவே பதில் சொல்லுங்கள். தொடர்ந்து கேட்டால் அது பெரும்பாலும் கேள்வி அல்ல. சிறுநீர் முட்டுகிறதா, பசியா, குளிரா, கால் வலியா என்று பாருங்கள்.

கழிப்பறைக்குக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கிளம்புமுன், போய்ச் சேர்ந்தபின், திரும்புமுன் என மூன்று முறை. சட்டை நுனியை இழுப்பது, இருப்புக்கொள்ளாமல் எழுவது, இடுப்பில் கை வைப்பது இவையே அவர் கேட்கும் விதம். இழுத்தால் இறங்கும் எலாஸ்டிக் இடுப்பு உடையே நல்லது. பொத்தானும் பெல்ட்டும் வழியிலேயே நனைய வைக்கும். மகள் அப்பாவோடும், மகன் அம்மாவோடும் போகும்போது மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைதான் வழி, இருவரும் சேர்ந்து நுழையலாம். அவர் மட்டும் உள்ளே போவதானால் தாழ்ப்பாள் போடாதபடி கதவை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். போட்டதைத் திறக்கத் தெரியாமல் உள்ளே மாட்டிக்கொண்டு பயந்துபோவது மிக சாதாரணமாக நடப்பது. கதவு இரண்டு இருந்தால் அவர் வேறு வழியாக வெளியேறிவிடுவார் என்பதையும் மறக்க வேண்டாம்.

10. கலங்கினால், காணாமல் போனால்

குரல் உயர்கிறது, கை பிசைகிறார், ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. இந்தக் கட்டத்திலேயே கிளம்பிவிடுங்கள். காரணம் சொல்லிப் புரியவைக்க முயலாதீர்கள்; தர்க்கம் பிடிபடாத நேரம் அது. ‘ஆமாம்மா, இங்க ரொம்ப சத்தம். வாம்மா, வெளிய போலாம்’ என்று உணர்வை ஒப்புக்கொண்டு, நிழலும் அமைதியும் உள்ள இடத்துக்கு நகருங்கள். சுற்றி நிற்பவர்கள் உதவ நினைத்து ஆளுக்கொன்று பேசுவார்கள். ஒருவர் மட்டும் பேசுவதே உதவி.

கண்ணில் படவில்லை என்றால் உடனே அங்குள்ள பாதுகாவலரிடம் சொல்லி, காலையில் எடுத்த போட்டோவைக் காட்டுங்கள். அன்றைய சட்டை நிறம் பதற்றத்தில் உங்களுக்கே ஞாபகம் வராது. தண்ணீர் இருந்தால் முதலில் அந்தப் பக்கம், அடுத்து சாலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் தருவார் என்று நம்பாதீர்கள். புதருக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே பேசாமல் இருப்பதுண்டு. 15 நிமிடத்துக்கு மேல் நீங்களே தேடிக்கொண்டிருக்காமல் போலீசுக்குச் சொல்லிவிடுங்கள்.

11. திரும்புதல்

குறித்த நேரத்துக்கு எழுங்கள், அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாலும். ‘இன்னைக்கு நல்லாயிருக்காரே, இன்னும் அரை மணி இருக்கலாம்’ என்பதில்தான் பெரும்பாலான நாட்கள் கெடுகின்றன. களைப்பு படிப்படியாக வராது, சட்டென்று கவிழும்.

சொந்த வீட்டு வாசலில் நின்று ‘இது நம்ம வீடு இல்லை’ என்றால் வாதிடாமல், ‘சரிப்பா, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் போலாம்’ என்று உள்ளே கூட்டிப்போங்கள். தெரிந்த நாற்காலி மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதன்பின் இரண்டு மணி நேரம் வேறு வேலை வைக்காதீர்கள். குளியலும் விருந்தினரும் மறுநாள்.

மாலையில் யாராவது கேட்டால் ‘நான் எங்கயும் போகலையே’ என்பார். திருத்த வேண்டாம். 2014-இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டிமென்ஷியாவின் மிகப் பரவலான வகையான அல்சைமர் உள்ளவர்களுக்கு மகிழ்ச்சியான, சோகமான படத்துண்டுகளைக் காட்டினார்கள். பார்த்தது விரைவில் மறந்துபோனது, உண்டான உணர்வு 30 நிமிடம் வரை நீடித்தது. நீங்கள் பார்க்க வேண்டியது அவர் என்ன சொல்கிறார் என்பதை அல்ல, அன்று எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்பதை.

அன்றிரவே மூன்று வரி எழுதி வையுங்கள்: எத்தனை நிமிடம் தாங்கினார், எதைத் தொட்டார் அல்லது எதற்குச் சிரித்தார், எது கெடுத்தது. நன்றாகப் போனால் அடுத்த வாரமும் அதே இடம், அதே பெஞ்சு. அலுப்பு உங்களுக்குத்தான். நான்கைந்து முறைக்குப்பின் எழுதியதைப் பார்த்தால் தாங்கும் நிமிடங்கள் குறைகிறதா என்று தெரியும்; குறைந்தால் இடத்தை மாற்றாமல் நேரத்தைப் பத்து நிமிடம் வெட்டுங்கள்.